நான்கில் மூன்றுதான் தெரிகிறது: திரவப் படிகக் கலவையை வாயு குரோமட்டோகிராபியில் ஆய்ந்ததில் ஓர் ஐயம்

கேள்வி கேட்டவர்: பாடாங் செராய் ஆய்வகம்

அனைவருக்கும் வணக்கம். கெடாவில், பாடாங் செராய்ப் பக்கம் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கொழுப்பமிலங்களை மெதில் எஸ்டராக மாற்றி, பொருள்களை ஆவியாக்கி நீண்ட குழாயில் ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியில் ஓட்டுவது என் அன்றாட வேலை. திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் மூலக்கூறுகள் அணிவகுக்கும் திரவப் படிகத்தை இதற்கு முன் தொட்டதில்லை.

என் அத்தை மகன் எங்கள் ஊர்க் கடைவரிசையில், சுவிட்சைத் தட்டினால் வெண்மை மறைந்து தெளியும் மறைப்புக் கண்ணாடி செய்து கொடுக்கிறார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில், புற ஊதா ஒளியில் இறுகும் அக்ரிலேட் பசையோடு திரவப் படிகத்தைக் கலந்து ஊற்றி, விளக்கின் கீழ் வைத்து இறுகச் செய்கிறார். அவர் வாங்குவது இ7 என்று உலகெங்கும் அறியப்பட்ட கலவை. அதில் உள்ள நான்கு பொருள்களின் சுருக்கப் பெயரும் எடை விகிதமும்: 5சிபி 51, 7சிபி 25, 8ஓசிபி 16, 5சிடி 8 சதவீதம். அண்மையில் வாங்கிய புதுப் புட்டியில் செய்த கண்ணாடிகள், மேற்குப் பார்த்த சன்னலில் பிற்பகல் வெயில் ஏறியதும், மின்சாரம் இல்லாமலேயே வெண்மை மங்கி அரைகுறையாகத் தெளிந்துவிடுகின்றன. பழைய புட்டியில் செய்தவற்றில் இந்தக் குறை இல்லை என்கிறார்.

மேலாளரிடம் அனுமதி பெற்று, விடுமுறை நாளில் புதுப் புட்டியின் மாதிரியை அசிட்டோனில் கரைத்து எங்கள் கருவியில் செலுத்தினேன். பிரிகைக் குழாய் நாங்கள் எஸ்டர்களுக்குப் பயன்படுத்தும் துருவத்தன்மை மிகுந்த வகை, அடுப்பின் உச்ச வெப்பம் 240 பாகை செல்சியஸ், உணரி, வெளிவருவதைச் சுடரில் எரித்து அளக்கும் எஃப்ஐடி. வரைபடத்தில் மூன்று முகடுகள், அதாவது மூன்று பொருள்கள், கிடைத்தன. 5சிபி, 7சிபி, 8ஓசிபி ஆகியவற்றின் பரப்புச் சதவீதம் முறையே 56.2, 27.7, 16.1. நான்காவதாக வரவேண்டிய 5சிடி அறவே இல்லை. 8ஓசிபி மட்டும் சொன்னபடி 16இல் அமைந்திருப்பதால் என் முறை சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விற்றவர் விலையுயர்ந்த நான்காவது பொருளைச் சேர்க்காமல் ஏமாற்றிவிட்டார் என்று என் உறவினர் முடிவு கட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதத் தயாராகிவிட்டார். நான் கொடுத்த எண்களை நம்பி அவர் ஒருவர்மேல் பழி சுமத்துவதற்குமுன், துறையறிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இன்னொன்று. மறுநாள் வழக்கமான எண்ணெய் மாதிரியை ஓட்டியபோது, வரைபடத்தின் அடிக்கோடு ஓரிடத்தில் மெல்ல மேடிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

பதில் 1: கூலிம் நிறமாலை

சகோதரி, கடிதத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் வந்த அந்த மேடுதான் உங்கள் நான்காவது பொருளாக இருக்க வேண்டும்.

5சிடி என்பது மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாகக் கோத்த டெர்ஃபீனைல். அதன் மூலக்கூற்று எடை 325. 5சிபியின் எடை 249. எடை வேறுபாட்டைவிட வளையங்களின் எண்ணிக்கைதான் இங்கே பெரிய இடைஞ்சல், ஏனென்றால் குழாயின் உட்சுவரில் உள்ள துருவத்தன்மை மிகுந்த படலம் பென்சீன் வளையத்தையும், கார்பனும் நைட்ரஜனும் இணைந்த சயனோ தொகுதியையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் குழாய் ஏறத்தாழ 250 பாகைக்குமேல் தாங்காது. ஆகவே அடுப்பைக் கூட்டி அதை விரட்டவும் வழியில்லை. அது குழாய்க்குள்ளேயே படுத்திருந்து, அடுத்த நாள் மாதிரியின் அடியில் அகன்ற மேடாக வெளியேறியிருக்கிறது.

இனி அந்த 16 சதவீதத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நம்பிக்கை கொடுத்த எண் அதுதான். அதையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். எஃப்ஐடி எரியும் கார்பனைத்தான் எண்ணுகிறது, எடையை அன்று. ஆக்சிஜனோடு பிணைந்த கார்பன் முழுக் கணக்கில் சேராது. சயனோ தொகுதியின் கார்பன் ஏறத்தாழ 0.3 அளவுக்குத்தான் எண்ணப்படும்; 8ஓசிபியில் உள்ளதுபோல் ஈதர் ஆக்சிஜன் ஒன்று இருந்தால் ஒரு கார்பனைக் கழித்துவிட வேண்டும். பயனுறு கார்பன் எண் என்று பாடநூல்கள் சொல்லும் இந்தக் கணக்கின்படி 5சிபிக்கு 17.3 கார்பன், 8ஓசிபிக்கு 19.3 கார்பன். இவற்றை மூலக்கூற்று எடைகளான 249.4, 307.4 ஆகியவற்றால் வகுத்துப் பாருங்கள். ஒரே எடைக்கு 8ஓசிபி கொடுக்கும் துலங்கல், அதாவது உணரி காட்டும் அளவு, 5சிபியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு.

ஆகவே குறையற்ற இ7ஐக் குறையற்ற கருவியில் ஓட்டினாலும் 8ஓசிபியின் பரப்பு 16 என்று வராது; 14.7 அளவில்தான் நிற்கும். இப்போது 5சிடியின் பரப்பை அப்படியே நீக்கிவிட்டு, மீதி மூன்றையும் நூறாக்குங்கள். 56.3, 27.7, 16.0 என்று வருகிறது. உங்கள் எண்களும் ஏறத்தாழ இவையேதான். ஈதர் ஆக்சிஜனால் குறைந்ததை, காணாமல் போன முகடு ஈடுகட்டிவிட்டது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம். உங்கள் பரப்புச் சதவீதம்தான் எடைச் சதவீதம் என்றும், புட்டியில் 5சிடி உண்மையாகவே இல்லை என்றும் வைத்துக்கொண்டால், 8ஓசிபி 16 ஆக இருக்கக் கூடாது. 16ஐ 92ஆல் வகுத்து 17.4 ஆக இருந்திருக்க வேண்டும். முறை சரி என்பதற்கு நீங்கள் காட்டிய சான்றே உங்கள் முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதே வேளையில், 5சிடி இருக்கிறது என்றும் இந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது. இருந்து வெளிவராவிட்டாலும், இல்லாமலே போனாலும், இந்த மூன்று பரப்புகளும் ஒன்றுபோலத்தான் வரும்.

பதில் 2: கிராணி பேரன்

மேலே உள்ள விளக்கத்துக்கு ஒரு தோட்டத்து உவமை. என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுத்தும் கொட்டகையில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். வாளியில் எத்தனை லிட்டர் பால் இருக்கிறது என்று பார்த்து அவர் கூலி போட்டதில்லை. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் புத்தகத்தில் எழுதுவார். முகட்டின் பரப்பு என்பது வாளியின் லிட்டர் கணக்கு. துலங்கல் காரணி இல்லாமல் அதை எடையாகப் படிக்கக் கூடாது.

செம்பனை எண்ணெயில் இந்தப் பழக்கம் ஏன் தண்டனையில்லாமல் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாமிட்டிக், ஒலெயிக் எஸ்டர்களின் துலங்கல்கள் தமக்குள் இரண்டு மூன்று சதவீதம்தான் வேறுபடும். எல்லா எஸ்டர்களும் வெளியே வந்தும்விடும். அதனால் பரப்பும் எடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் அவரை ஏமாற்றியது என்றால் அது அவர் குற்றம் அன்று.

நூறாக்கும் கட்டளையைக் கணினியில் அணைத்துவிட்டு, எடை தெரிந்த ஓர் ஒப்பளவுப் பொருளைக் கலந்து ஓட்டுவதே வழி. 28 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஆல்கேன் ஒன்றை முதலில் தனியாகச் செலுத்தி, அது எந்த முகட்டின்மேலும் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டு பயன்படுத்தலாம். அப்போது வெளிவந்த முகடுகளின் கூட்டுத்தொகை 92 என்று வந்தால், எட்டு எங்கோ உள்ளே தங்கிவிட்டது என்பது உடனே தெரியும். நூறாக்கிய கணக்கில் கூட்டுத்தொகை எப்போதும் நூறுதான். அதில் ஒரு செய்தியும் இல்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

மகளே, உன் ஆலையிலேயே, உன் கைக்கு எட்டும் தூரத்திலேயே, இந்தக் கேள்விக்குப் பாதி விடை சொல்லும் கருவி இருக்கிறது. குரோமட்டோகிராபியைச் சற்று நேரம் மறந்துவிடு.

எண்ணெயின் வழுக்கு உருகுநிலை பார்ப்பதற்கு நுண்குழாயும், தண்ணீர்த் தொட்டியும், நல்ல வெப்பமானியும் வைத்திருப்பாய் அல்லவா? அதே நுண்குழாயில் புதுப் புட்டியிலிருந்து ஒரு துளியை ஏற்றி, அடிமுனையைச் சுடரில் மூடி, வெப்பமானியோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தண்ணீரில் இறக்கு. நெமாட்டிக் நிலையில், அதாவது மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி அணிவகுத்த திரவப் படிக நிலையில், இருக்கும்வரை அந்தத் துளி நீர்த்த பால்போலக் கலங்கலாக இருக்கும். தெளியும் வெப்பத்தைத் தாண்டியதும், திரை விலகியதுபோலக் கண்ணாடித் தெளிவாகிவிடும். நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் ஏற்று. ஏறும்போதும் இறங்கும்போதும் குறித்துக்கொள். இ7 என்றால் 58 முதல் 60 பாகைக்குள் தெளிய வேண்டும்.

இதற்கும் 5சிடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். 5சிபி தனியாக 35 பாகையிலும், 7சிபி ஏறத்தாழ 43 பாகையிலும், 8ஓசிபி 80 பாகையிலும் தெளிகின்றன. 5சிடி மட்டும் 239 பாகைவரை நெமாட்டிக்காக நிற்கும். கலவையில் அது எட்டே சதவீதம் என்றாலும், கூரையைத் தூக்கிப் பிடிக்கும் நடுத்தூண் அதுதான். மோல் விகிதப்படி சராசரி எடுத்துப் பார்த்தால் நான்கும் சேர்ந்த கலவைக்கு 57 பாகை வருகிறது, நடைமுறை அளவுக்கு மிக அருகில். 5சிடியை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் 44 ஆக இறங்கிவிடுகிறது. ஒரு சதவீதம் குறைந்தாலே ஒன்றரைப் பாகைக்கு மேல் வேறுபாடு தெரியும். எட்டு சதவீதத்தைத் திருடிய எவரும் அந்தத் தண்ணீர்த் தொட்டியிடம் தப்ப முடியாது.

பழைய புட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் துளியையும் பக்கத்துக் குழாயில் வைத்துப் பார். அதைவிட முக்கியம், குறையுள்ள கண்ணாடியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, விளிம்புகளை அடைத்து, அதே தண்ணீரில் போட்டுப் பார். புட்டியில் இருப்பதும் கண்ணாடிக்குள் இருப்பதும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பதில் 4: கூலிம் நிறமாலை

ஆசிரியர் ஐயா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். பசை முழுதும் இறுகாவிட்டால், எஞ்சிய ஒற்றை மூலக்கூறுகள் திரவப் படிகத் துளிகளுக்குள்ளேயே கரைந்து தங்கி, தெளியும் வெப்பத்தைக் கீழே இழுத்துவிடும். வெயிலில் வெண்மை மங்குவதற்கு அதுவும் காரணமாகலாம்.

அகச்சிவப்பு நிறமாலைமானி கிடைத்தால் படலத்தை நேராக வைத்தே பார்க்கலாம். இறுகாத அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு 1635 அலையெண் அருகில் ஒரு சிறு முகடு காட்டும். பலர் 810 அருகில் உள்ள முகட்டைத் தேடுவார்கள். இந்தப் படலத்தில் அதை நம்ப வேண்டாம், ஏனென்றால் 5சிபி போன்ற சயனோபைஃபீனைல்களின் வளைய ஹைட்ரஜன்களும் அதே இடத்தை ஒட்டி முகடு தருகின்றன. 2226இல் கூராகத் தெரியும் சயனோ முகடு நான்கு பொருள்களுக்கும் பொது. அது திரவப் படிகம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

பிரித்து அறிய வேண்டுமானால், மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலைமானி இணைந்த வாயு குரோமட்டோகிராபிதான் சிறந்தது. குழாய் ஐந்து சதவீத ஃபீனைல் கலந்த சிலாக்சேன் வகையாக, 30 மீட்டர் நீளத்தில், 0.25 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் இருக்கட்டும். அடுப்பை 150இல் தொடங்கி நிமிடத்துக்குப் பத்துப் பாகை வீதம் 320வரை ஏற்றி, அங்கே பத்து நிமிடம் நிறுத்தினால் 5சிடி ஒழுங்காக இறங்கிவரும். செலுத்தும் வாயிலும் 300 பாகையில் இருக்க வேண்டும். குளிர்ந்த வாயில் கனமான மூலக்கூறுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

நிறமாலையில் ஒரு பொறி இருக்கிறது. 5சிபி, 7சிபி இரண்டும் வாலை அறுத்துக்கொண்டு 192 என்ற ஒரே துண்டைத்தான் பெரிதாகக் காட்டும். மூலக்கூற்று அயனி 249ஆ 277ஆ என்று பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். 8ஓசிபி எட்டுக் கார்பன் வாலை ஆக்டீனாக உதிர்த்துவிட்டு 195 ஆகும். 5சிடி 325இல் தொடங்கி 268இல் நிற்கும். இவை நான்கும் கிடைத்துவிட்டால் பெயர் தொடர்பான வழக்கு முடிந்தது; அளவுக்கு மட்டும், மேலே நண்பர் சொன்ன ஒப்பளவுப் பொருள் வேண்டும்.

புற ஊதா உணரி கொண்ட திரவ குரோமட்டோகிராபியும் இந்தக் கலவைக்குப் பொருந்தும், ஏனென்றால் நான்குமே ஒளியை நன்றாக உறிஞ்சுபவை. ஆனால் 5சிபி 280 நானோமீட்டர் அருகிலும், 8ஓசிபியும் டெர்ஃபீனைலும் அதைவிட நீண்ட அலைநீளத்திலும் உச்சம் கொள்வதால், தனித்தனித் தரக்கோடு போடாமல் பரப்பைப் படித்தால் எஃப்ஐடியைவிடப் பெரிய பிழையில் மாட்டிக்கொள்வீர்கள். தொலைக்காட்சித் திரைகளில் வரும் ஃபுளோரின் சேர்ந்த கலவைகள் வேறு கதை. அவற்றில் பத்து, இருபது பொருள்கள்கூட இருக்கும். சைக்ளோஹெக்சேன் வளையங்கள் மிகுந்தவை புற ஊதாவில் மங்கலாகவே தெரியும். நிறை ஒன்றாகவே இருக்கும் சிஸ், டிரான்ஸ் மாற்றியங்களைக் குழாய்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பற்றித் தனி இழையில் பேசலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பாடாங் செராய் ஆய்வகம்

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. சனிக்கிழமை பிற்பகல், ஆலையில் வேலை ஓய்ந்த நேரத்தில், ஐயா சொன்னபடியே தண்ணீர்த் தொட்டியில் பார்த்தேன். துளி தெளிவது நான் நினைத்ததைவிட அழகான காட்சி. குழாயின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் கருத்ததுபோல் தோன்றி, ஓரிரு நொடியில் கலங்கல் முழுதும் கரைந்துவிடுகிறது. இறக்கும்போது புகைபோலத் திரும்பி வருகிறது.

பழைய புட்டி 59.0 பாகை. புதுப் புட்டி 58.8. மூன்று முறை பார்த்தேன். வேறுபாடு எங்கள் வெப்பமானியின் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. புதுப் புட்டியில் செய்த கண்ணாடித் துண்டு மட்டும் 48 பாகையிலேயே வெண்மை இழக்கத் தொடங்கியது. பழைய கண்ணாடியின் துண்டு 57வரை தாங்கியது.

உறவினரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பின்னர் விளக்கை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். விளக்குதான் எரிகிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்றார். கடை திறந்த நாள்முதல் அதே பாதரச விளக்காம். கடிதத்தை அவர் இன்னும் கிழிக்கவில்லை. ஆனால் அனுப்பவும் இல்லை.

பினாங்கில் படிக்கும் என் தங்கை வழியாக, நிறை நிறமாலைமானியில் ஓட்டுவதற்கு இரண்டு புட்டிகளின் மாதிரியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் எஸ்டர் குழாயை அதன் எல்லை வெப்பத்தில் ஓர் இரவு முழுதும் வெறுமனே ஓட்டினேன். காலையில் அடிக்கோடு நேராகிவிட்டது. அந்தக் குழாய் பாழாகியிருந்தால் மேலாளரிடம் என்ன சொல்வது என்ற கவலை எனக்குத் திரவப் படிகத்தைவிடப் பெரிதாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பதில் 5: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

பாதரச விளக்கு கண்ணுக்கு எரிவதுபோலவே இருக்கும். ஆனால் மணிக்கணக்கு ஏற ஏற அதன் புற ஊதா வலிமை இறங்கிக்கொண்டே வரும். புது விளக்கு வருவதற்குமுன் ஒரு சோதனை செய்துவிடலாம், மகளே. குறையுள்ள கண்ணாடியில் இன்னொரு துண்டை அதே பழைய விளக்கின் கீழ் வழக்கத்தைவிட மும்மடங்கு நேரம் வைத்துவிட்டு, மறுபடி தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல். 48 என்பது ஐம்பதைத் தாண்டி ஏறினால் விளக்குதான் காரணம். ஏறாவிட்டால் பசையின் பங்கையும், பசைப் புட்டி எத்தனை மாதமாக வெப்பத்தில் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பாடாங் செராய் ஆய்வகம்

ஐயா, ஏறியது. 54.5 பாகை. கடையிலேயே, காப்பி போடும் மின்கேத்தலையும் ஆலையிலிருந்து கொண்டுபோன வெப்பமானியையும் வைத்து, அத்தை மகன் கண்முன்னாலேயே பார்த்தோம். அவர் விளக்குக்குச் சொல்லிவிட்டார்.

பினாங்கிலிருந்து முதல் ஓட்டத்தின் வரைபடமும் வந்துவிட்டது. புதுப் புட்டியில் நான்கு முகடுகள். கடைசி முகட்டில் 325உம் 268உம் தெளிவாக இருக்கின்றன. அளவுக் கணக்கை ஒப்பளவுப் பொருளோடு அடுத்த வாரம் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் இங்கேயே இடுகிறேன்.